மாதம்மாள் காதில் விழுந்த கடவுச்சொல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சோம்பேறி இல்லை. சோம்பேறி எவனாவது ஓர் ஊரில் நூற்றுத் தொண்ணூறு பேருக்கு உட்கார்ந்து ஈமெயில் கணக்குத் திறந்து கொடுப்பானா? காரிமங்கலத்திலிருந்து வரும் டவுன் பஸ் எங்கள் புங்கங்கொட்டாய்க்குள் வந்து திரும்புகிற இடத்தில் என் கடை இருக்கிறது. மாதவராஜ் மொபைல்ஸ். சிம் கார்டு, சார்ஜர், ஸ்கிரீனுக்குக் கண்ணாடி ஒட்டுவது எல்லாம் உண்டு. பலகையின் ஓரத்தில் ‘சர்வீஸ்’ என்று ஒரு சொல்லையும் எழுதி வைத்தேன். புத்தி கெட்ட வேலை. அந்த ஒரு சொல்லைக் காட்டித்தான் ஆறு வருடமாக ஊர் என்னைப் பிழிந்து எடுக்கிறது.

புதுப் போன் வாங்கியவர்கள் நேராக என்னிடம் வருவார்கள். போன் பாஸ்வேர்டு கேட்கும். எட்டு எழுத்து வேண்டும், அதில் ஒன்று பெரிய எழுத்தாக இருக்க வேண்டும், எண் வேண்டும், குறி வேண்டும் என்று அதற்கு ஆயிரம் நிபந்தனை. “உங்களுக்கு ஞாபகம் இருக்கிற மாதிரி ஒண்ணு சொல்லுங்க” என்று கேட்டால், “எனக்கு எதுடா ஞாபகம் இருக்குது? நீயே எதுனா போடு” என்பார்கள். நானும் போட்டேன். முதல் ஆளுக்கு ‘முனியப்பன் அட் ஒன் டூ த்ரீ’ என்று இங்கிலீஷ் எழுத்தில் போட்டேன். ஊர் எல்லையில் அரிவாளும் மீசையுமாகப் பத்தடி உயரத்துக்கு உட்கார்ந்திருக்கும் சாமியின் பெயர் யாருக்கு மறக்கும்? இரண்டாவது ஆளுக்கும் அதையே போட்டேன். மூன்றாவது ஆள் வந்தபோது விரல் தானாகவே போய்விட்டது.

இதில் இன்னொன்றும் செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. சீட்டில் எழுதிக் கொடுக்கும்போது ஒவ்வொருவர் காதிலும் குனிந்து, “இது உங்களுக்குன்னே யோசிச்சுப் போட்டது. கட்டுன பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லாதீங்க” என்பேன். அவர்களும் சீட்டை மடித்துப் போன் கவருக்குள் வைத்துக்கொண்டு, பெரிய ரகசியத்தைச் சுமக்கிறவர்களாக நடந்து போவார்கள். ஒருத்தரும் வெளியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முதல் வாரத்திலேயே நான் மாட்டியிருப்பேன்.

ஆறு வருடம் இப்படி ஓடியது. போன ஆவணியில் ஒரு வியாழக்கிழமை காலை, ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே சென்னப்பன் மாமா வந்து நின்றார். மாமா என்று முறைக்குத்தான் கூப்பிடுகிறேன், சொந்தம் இல்லை. அவர் எங்கள் வார்டு மெம்பர். என் கடை இருக்கிற கட்டடமும் அவருடையது. “கடையைக் காலி பண்ணு” என்று அவர் சொன்னால் அன்றே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அப்படிப்பட்டவர், போனை இரண்டு கையாலும் சூடத்தட்டைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

ஸ்கிரீனில் சிவப்பு முக்கோணம் ஒன்று. அதன் கீழே, ‘தரவுக் கசிவு ஒன்றில் உங்கள் கடவுச்சொல் வெளியாகியுள்ளது. உடனே மாற்றவும்.’

“என்னாடா இது மாதவா?”

“பயப்படாதீங்க மாமா. நீங்க எங்கியோ ஒரு ஆப்புல இதே பாஸ்வேர்டைப் போட்டிருப்பீங்க. அந்தக் கம்பெனிக்காரன்கிட்ட இருந்த மொத்த லிஸ்டையும் எவனோ திருடிட்டான். திருட்டுப்போன லிஸ்ட்ல நம்ம சொல்லு இருக்குதான்னு போன் பார்த்துச் சொல்லுது. நல்லதுக்குத்தான் சொல்லுது. மாத்திட்டா முடிஞ்சுது.”

இதைவிடத் தெளிவாக இந்த மாவட்டத்தில் யாரும் விளக்கியிருக்க முடியாது. மாமா மோவாயைத் தடவினார்.

“கசிஞ்சிருக்குதுன்னா எவனோ சொல்லியிருக்கான்னுதான அர்த்தம்?”

“மனுசன் யாரும் சொல்லல மாமா...”

“மனுசன் சொல்லாம சொல்லு எப்படிப் போவும்? எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். ஒருநாளு எம் பொண்டாட்டி சீட்டை எடுத்துப் பாத்தா. அவ தினம் பால் ஊத்தப் போறப்ப யார்கூடப் பேசுறா? மாதம்மாகூட.” கையைத் தட்டினார். “அவ்வளவுதான். கண்டுபுடிச்சிட்டன்.”

மாதம்மாள் யார் என்று சொல்ல வேண்டும். ஐம்பது வயது இருக்கும். பால் சொசைட்டிக்கு எதிர்வீடு. ஊரில் காலை ஆறு மணிக்கு நடந்தது ஆறரைக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தால் அதற்கு மாதம்மாக்கா காரணம். டிரைவர் குமார் மகள் பரீட்சையில் பாஸான சேதி அந்தப் பெண்ணுக்கே மாதம்மாக்கா சொல்லித்தான் தெரியும். ஆனால் பொல்லாத மனசு கிடையாது. “நான் கூட்டியும் சொல்ல மாட்டன், கொறைச்சும் சொல்ல மாட்டன்” என்பார். உண்மைதான், அப்படியே சொல்வார். உடனே சொல்வார். அவரிடம் இருந்தது பட்டன் போன். பாஸ்வேர்டுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஒன்பது மணிக்குள் பதினொரு பேர் சிவப்பு முக்கோணத்தோடு வந்துவிட்டார்கள். எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. யாரோ ஒருவர் ஏதோ ஜாதகம் பார்க்கிற ஆப்பிலோ எதிலோ முனியப்பனைப் போட்டிருக்கிறார். அந்த லிஸ்ட் திருடன் கைக்குப் போய்விட்டது. அந்தச் சொல் எந்தெந்தப் போனில் இருக்கிறதோ அத்தனையும் கத்துகிறது. ஊர் மொத்தத்துக்கும் நான் ஒரே சாவி போட்டிருக்கிறேன், அது இப்போது தெருவில் கிடக்கிறது. ஆனால் வந்தவர்களில் ஒருவர்கூட இன்னொருவருக்கு ஸ்கிரீனைக் காட்டவில்லை. போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தன் ஒருவருக்குத்தான் இந்தக் கேடு வந்ததென்று நினைத்து நின்றார்கள். அந்த மட்டும் நான் பிழைத்தேன்.

“முதல்ல மாத்துங்க” என்றேன் எல்லோரிடமும்.

“சொன்னது யாருன்னு தெரியாம பூட்டை மாத்தி இன்னா பிரயோசனம்? புதுசையும் அவ சொல்லிடுவா இல்ல?” என்றார் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற நிர்மலாக்கா. இதற்கு நான் என்ன பதில் சொல்வது? பதில் ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் எனக்குக் கடை இருக்காது.

சாயந்தரம் முனியப்பன் கோயிலில் கூட்டம் கூடியது. மாதம்மாக்கா சாணி அள்ளின கையோடு வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு வந்தது கோபம் இல்லை, ஆச்சரியம்.

“பாஸ்வேர்டா? அது எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதே. தெரிஞ்சிருந்தா நேத்தே எல்லார் வூட்லயும் சொல்லியிருப்பனே!”

உலகத்தில் இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. சூடம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும் என்றார்கள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து முனியப்பன் முன்னால் சொல்ல வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவர் பானையைத் திருவிழாவில் யாரும் அடுப்பேற்ற விட மாட்டார்கள். பன்னிரண்டு வருடமாக ஊரின் முதல் பொங்கல் பானையை வைப்பவர் மாதம்மாக்காதான். அதில் அவருக்கு இருக்கிற பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

“வைங்கப்பா சூடத்தை” என்றார்.

அங்கேதான் சிக்கல் வந்தது. எங்கள் கோயிலில் ஒரு விதி உண்டு. எதைச் செய்யவில்லையோ அதன் பெயரைச் சொல்லித்தான் சத்தியம் செய்ய வேண்டும். பல வருடத்துக்கு முன்னால் மாரப்பன் என்று ஒருத்தர், காணாமல் போன ஆட்டுக்காக, “நான் எடுக்கல சாமி” என்று கூசாமல் சூடத்தை அணைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் அவர் வீட்டுப் பரணில் ஆட்டுத் தோல் கிடந்தது. கேட்டதற்கு, “நான் பூசணிக்காயை மனசுல நெனச்சு சத்தியம் பண்ணன். பூசணிக்காயை நான் எடுக்கல” என்றாராம். அன்றிலிருந்து ஆடென்றால் ஆடு, கோழியென்றால் கோழி, வாயால் சொல்லியே ஆக வேண்டும்.

இப்போது மாதம்மாக்கா எந்தச் சொல்லைச் சொல்லவில்லையோ, அந்தச் சொல்லைச் சொல்லி, சொல்லவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். சத்தமாகச் சொன்னால் மிச்சமும் கசிந்துவிடும். அவருக்கோ சொல்லே தெரியாது. அரை மணி நேரம் வாதம் நடந்தது. கடைசியில் பூசாரி ஒரு வழி சொன்னார். புகார் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் சொல்லை மாதம்மாள் காதில் சொல்ல வேண்டியது. அவர் அந்தக் காதைத் தொட்டுக்கொண்டு, “இந்தச் சொல்லை நான் யார்கிட்டயும் சொல்லல” என்று அணைக்க வேண்டியது. காதில் கேட்டது சாமிக்கும் கேட்கும்.

“நல்ல ரோசனை” என்றது ஊர். நான் ஒருவன்தான் புங்கமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

புகார் என்று முன்னால் வந்தவர்கள் மூன்று பேர். சென்னப்பன் மாமா துண்டால் வாயை மறைத்துக்கொண்டு குனிந்து சொன்னார். மாதம்மாக்கா தலையை ஆட்டிவிட்டுக் காதைத் தொட்டு முதல் சூடத்தை அணைத்தார். அடுத்து நிர்மலாக்கா வந்தார். சொல்லி முடித்ததும் மாதம்மாக்காவின் புருவம் ஒரு சுருக்குச் சுருங்கியது. இருந்தாலும் இரண்டாவது சூடத்தையும் அணைத்தார். மூன்றாவது டிரைவர் குமார். அவன் பாதி சொல்லும்போதே அவர் முகம் விரிவதை மரத்துக்குப் பின்னாலிருந்து நான் பார்த்தேன். முனியப்பனை அண்ணாந்து பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். கடைசியாக, தேடிக் கண்டுபிடித்து, என்னைப் பார்த்தார்.

நான் மரத்தோடு ஒட்டிக்கொண்டேன். வாயைத் திறந்தார். திறந்த வாயைக் கஷ்டப்பட்டு மூடினார். மறுபடி திறந்து, “இந்தச் சொல்லையும் நான் யார்கிட்டயும் சொல்லல சாமி” என்றார். அந்த ‘யும்’ எனக்கு மட்டும் கொடுத்தது. சூடம் அணைந்தது. கூட்டம் கலைந்தது.

பத்தே நிமிடத்தில் கடைக்கு வந்துவிட்டார்.

“எத்தினி பேருக்குடா?”

“அக்கா...”

“எத்தினி பேருக்கு?”

“நூத்தித் தொண்ணூறு.”

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். எல்லோரையும் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு நானே மாற்றிவிடுகிறேன், அதுவரைக்கும் சொல்லாதீர்கள், சொன்னால் சென்னப்பன் மாமா என்னைத் தெருவில் நிறுத்திவிடுவார் என்றேன்.

அக்கா யோசித்தார். பிறகு விரலை எண்ணினார். “வர்ற சந்தை வரைக்கும் தாங்குவன். அஞ்சு நாளு. சந்தைக்குப் போயிட்டா என்னால ஆவாது மாதவா. அங்க எட்டு ஊருக்காரங்க வருவாங்க. எம் பொறப்பு அப்படி.”

“சத்தியமாவா அக்கா?”

“ஒரு நாளைக்கு எத்தினி சூடம்டா அணைப்பன்? போடா” என்று போய்விட்டார்.

அடுத்த நாளிலிருந்து ஊர் ஒரு அதிசயத்தைப் பார்த்தது. மாதம்மாக்கா பேசுவதை நிறுத்திவிட்டார். காலையில் எழுந்ததும் வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொள்வார். யார் என்ன கேட்டாலும் “ம்”, “ம்ஹூம்”, அவ்வளவுதான். பால் ஊற்ற வந்தவர்கள் சேதி கிடைக்காமல் தவித்தார்கள். சூடத்தை அணைத்ததில் சாமி வாயைக் கட்டிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். நிர்மலாக்கா மனசு கேட்காமல் சுக்குக் கஷாயம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதையும் வெற்றிலையோடு சேர்த்துக் குடித்தாராம்.

தினம் இரண்டு வேளை மட்டும் கடைக்கு வருவார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்து, “நூத்தித் தொண்ணூறு பேரு! ஒரே சொல்லு!” என்று என்னிடமே சொல்லுவார். எனக்குத் தெரிந்த சேதியைத்தான் எனக்குச் சொல்லுவார். சொன்னதும் முகம் தெளிந்துவிடும். புதிதாக வெற்றிலை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

என் பக்கத்து வேலைதான் நாறிப்போனது. யாரும் மாற்ற வரவில்லை. வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். “எதுக்கு மாத்தணும்? அதான் சூடம் அணைச்சாச்சே” என்றார்கள். சாமி முன்னால் சத்தியம் செய்தபிறகு எப்படிக் கசியும் என்று என்னையே கேட்டார்கள். போனில் சிவப்பு முக்கோணம் வந்தால் விரலால் ஓரமாகத் தள்ளிவிட்டு யூடியூப் பார்த்தார்கள். மாரப்பன் மகன் ஒருவன் மட்டும் நான் சொன்னதைக் கேட்டுத் தானே மாற்றிவிட்டதாகச் சொன்னான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன வைத்தான் என்று பார்த்தால் முனியப்பன் அட் ஒன் டூ த்ரீ ஃபோர்.

“வெளியூர்த் திருடனுக்குச் சூடம் தெரியுமாடா?” என்று கத்தினேன். நாலு நாளில் நான் மாற்றியது ஏழு பேருக்கு. அதில் ஒன்று எனக்கு. ஆமாம், என் பாஸ்வேர்டும் அதுதான்.

சந்தைக்கு முந்தின நாள் காலையில் வெடித்தது. சென்னப்பன் மாமாவின் பேஸ்புக்கில், கறுப்புக் கண்ணாடி படம் ஒன்றைப் போட்டு, ‘தொண்ணூறு சதவீதம் தள்ளுபடி, நான் வாங்கிவிட்டேன், நீங்களும் வாங்குங்கள்’ என்று இங்கிலீஷில் வந்திருந்தது. ஊரில் பாதிப் பேரை அதில் இழுத்துவிட்டிருந்தார்கள். அதோடு நின்றிருந்தால் மாமா பெருமைகூடப் பட்டிருப்பார். ஆனால் அவருடைய பாலக்கோட்டுச் சம்பந்தியம்மாவுக்கு அவர் பெயரில் தனியாக ‘ஹாய் டியர்’ என்று மெசேஜ் போயிருந்தது. மூன்று தடவை போயிருந்தது. பக்கத்தில் ஒரு ரோஜாப்பூவும் இருந்தது.

சம்பந்தியம்மா மாமாவிடம் பேசவில்லை. அத்தையிடம் பேசினார். அத்தை மாமாவிடம் பேசியது எங்கள் தெரு முழுக்கக் கேட்டது.

மாமா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு மாதம்மாக்கா வீட்டுக்கு ஓடினார். பின்னால் ஊர் ஓடியது. நானும் ஓடினேன். கடை ஷட்டரைக்கூட இறக்கவில்லை.

“பொய்ச் சத்தியம் பண்ணிட்ட இல்ல? முனியப்பன் தலைமேல பண்ணிட்ட இல்ல?” மாமா வாசலில் நின்று கத்தினார். “உன் காதுலதான சொன்னன். அதுக்கப்புறம்தான் இது நடந்திருக்குது. இந்த வருசம் உன் பானை அடுப்புல ஏறாது. எந்த வருசமும் ஏறாது. கேட்டுக்கோ!”

“ஆமா, ஏறக்கூடாது” என்று நாலைந்து குரல் வந்தது. அதில் நிர்மலாக்கா குரலும் இருந்தது.

மாதம்மாக்கா நிலைப்படியில் நின்றார். கன்னம் புடைக்க வெற்றிலை. ‘பானை ஏறாது’ என்றதும் அவர் முகம் செத்துப்போனது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அங்கே ஊர் மொத்தமும் வாயைத் திறந்திருந்தது, மூடியிருந்தது மாதம்மாக்கா வாய் ஒன்றுதான்.

“சொல்லு! எங்க, இல்லைன்னு சொல்லு!” என்றார் மாமா.

ஐந்து வார்த்தை போதும். ‘எல்லாருக்கும் ஒரே சொல்லு, அவனைக் கேளுங்க.’ பிறந்ததிலிருந்து ஒரு சேதியையும் அரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காத வாய். கழுத்து நரம்பெல்லாம் தெரிந்தது. சந்தை நாளைக்குத்தான். அவர் எனக்குக் கொடுத்த கெடு இன்னும் ஒரு நாள் பாக்கி. அவர் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை, சும்மா பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி வெற்றிலைக் கன்னத்தில் வழிந்தது.

எனக்கு அந்த நேரம் கடையும் தெரியவில்லை, கட்டடமும் தெரியவில்லை. த்தூ, நீயும் ஒரு மனுசனா என்று எனக்கே தோன்றியது.

“மாமா” என்றேன். யார் காதிலும் விழவில்லை. இன்னொரு தடவை சத்தமாக, “மாமா! உங்க பாஸ்வேர்டு முனியப்பன் அட் ஒன் டூ த்ரீ!” என்றேன்.

மாமா திரும்பி அடிக்க வந்தார். ஆனால் அவருக்கு முன்னால் நாற்பது பேர் ஒரே குரலில் கத்தினார்கள்.

“டேய், அது என்னுதுடா!”

பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சொசைட்டிப் பக்கம் கட்டியிருந்த எருமை மட்டும் ஒருமுறை கத்தியது.

“உனக்குமா?” என்றார் மாமா, குமாரைப் பார்த்து.

“எனக்குன்னே யோசிச்சுப் போட்டன்னு சொன்னானேங்க! என் வேன் பேரு முனியப்பன் துணை. அதனாலதான்னு நெனச்சன்.”

“முனியப்பன் கோயிலுக்குத் தகரம் போட்டது நான்டா! அதுக்கு மரியாதையா எனக்குப் போட்டான்னு இல்ல நான் நெனச்சன்!”

“எம் பையன் முனியப்பன்கிட்ட வேண்டிப் பொறந்தவன்” என்று நிர்மலாக்கா ஈனஸ்வரத்தில் சொன்னார். ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. ஆறு வருடமாக அந்தக் காரணத்தைத் தனியாக வைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சோம்பேறித்தனம்தான் என்றேன். மாதம்மாக்காவுக்கு முதல் நாளே தெரியும், எனக்காகத்தான் வாயைக் கட்டினார், அவர் செய்தது சத்தியமான சத்தியம் என்றேன்.

மாதம்மாக்கா வெற்றிலையைத் துப்பினார். முந்தானையால் கண்ணையும் வாயையும் ஒன்றாகத் துடைத்தார்.

“அப்பாடா. இனிமே நான் பேசலாமாடா?”

“பேசுங்கக்கா.”

ஒன்றே கால் மணி நேரம் பேசினார். நாலு நாள் பாக்கி முழுவதையும் தீர்த்தார். சூடம் சுட்டதிலிருந்து, கஷாயத்தில் உப்பு இருந்ததுவரை ஒன்றும் விடவில்லை. நிர்மலாக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. கூட்டம் அளவுக்கு மீறி அமைதியாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், குமார் குனிந்து போனில் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் இருப்பவரும் தட்டுகிறார். எல்லோருமே தட்டுகிறார்கள். ஊரில் எல்லோர் பூட்டுக்கும் தன்னிடம் சாவி இருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்கிறது.

“சென்னப்பண்ணா,” என்றான் குமார் தலையைத் தூக்காமல், “சம்பந்தியம்மாவுக்கு நீங்களே ஒரு தடவ குட் மார்னிங் போட்டிருக்கீங்களே?”

அடுத்த நிமிடம் ஊர் மொத்தமும் என் கடையை நோக்கி ஓடியது. போன் கம்பெனி சிவப்பு முக்கோணம் காட்டிக் கெஞ்சியும், நான் வீடு வீடாகப் போய்க் கத்தியும் வராதவர்கள், ‘என்னுத மொதல்ல மாத்து, என்னுத மொதல்ல மாத்து’ என்று ஷட்டரைப் பிடித்துத் தொங்கினார்கள்.

சென்னப்பன் மாமா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

“நாளைக்கே கடையைக் காலி பண்ற.”

“சரிங்க மாமா.”

“அதுக்கு முன்னாடி எனக்கு மாத்திக் கொடு.”

“சரிங்க மாமா.”

இந்தத் தடவை நான் ஒரு சொல்லும் போடவில்லை. ஒவ்வொருவரையும் ஸ்டூலில் உட்கார வைத்து, “நீங்களே யோசிங்க. பேரு வேண்டாம், சாமி வேண்டாம், ஒன் டூ த்ரீ வேண்டாம். ஒரு கணக்குக்குப் போட்டத இன்னொண்ணுக்குப் போடாதீங்க” என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். யாராவது பாஸ்வேர்டைத் திருடினாலும் உள்ளே நுழைய முடியாதபடி போனுக்கு எண் வருகிற இரண்டாவது பூட்டையும் போட்டுக் கொடுத்தேன். எல்லோருக்கும் முடிய ஆறு நாள் ஆனது. முடிந்த மறுநாள் பெட்டியைக் கட்டினேன். காலையில் மாமா வந்தார்.

“கட்டிட்டியா?”

“கட்டிட்டன் மாமா.”

அவர் நகரவில்லை. மோவாயைத் தடவினார். “மாதவா... அன்னிக்கி நான் இன்னாடா வெச்சன்?”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் சுவத்தப் பாத்துட்டு இருந்தன்.”

அவருக்குப் பின்னால் இன்னும் பதினெட்டுப் பேர் நின்றிருந்தார்கள், எல்லோரும் மறந்தவர்கள். பெட்டியைப் பிரித்தேன். இன்றுவரை கடை அங்கேதான் இருக்கிறது. மாமா மட்டும் நாலு தடவை மறந்துவிட்டார்.

புரட்டாசியில் மாதம்மாக்காவுக்கு ஓசூரில் வேலை பார்க்கிற மகன் ஒரு டச் போன் வாங்கி அனுப்பினான். அக்கா அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றேன். வெகுநேரம் தட்டினார். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பெருமூச்சு கேட்டது.

“ஆச்சு” என்றார்.

பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது. “இன்னாக்கா வெச்சீங்க?”

“சொல்ல மாட்டன்” என்றார். போனை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

இது ஊருக்குப் பெரிய தலைவலியாகப் போய்விட்டது. மாதம்மாக்காவிடம் ஒரு சொல் இருக்கிறது, அதை அவர் சொல்லவில்லை என்பதை யாராலும் தாங்க முடியவில்லை. பால் ஊற்றப் போகிறவர்கள் சுற்றி வளைத்துக் கேட்டார்கள். நிர்மலாக்கா கஷாயம் கொண்டுபோய்க் கேட்டார். குமார் பதினேழு வார்த்தை போட்டுப் பார்த்து அக்காவின் கணக்கையே ஒரு நாள் பூட்டிவிட்டான். மற்ற சேதியெல்லாம் முன்போலவே ஆறரைக்கு வந்துவிடுகிறது, அந்த ஒன்று மட்டும் வரவில்லை.

திருவிழா வந்தது. முதல் பானை மாதம்மாக்கா பானைதான், சென்னப்பன் மாமா தன் கையால் அடுப்பு மூட்டிக் கொடுத்தார். பொங்கல் பொங்கி வழிந்ததும் குலவை போட்டார்கள். “இப்பவாவது சொல்லேன் மாதம்மா, ஒரே ஒரு எழுத்து” என்றார் மாமா.

அக்கா கரண்டியை வைத்துவிட்டு எழுந்தார். நேராக முனியப்பனிடம் போனார். படிமேல் ஏறி, சாமியின் காதுக்கு எட்டும்வரை எம்பி, கையால் மறைத்துக்கொண்டு எதையோ சொன்னார். அடுப்படியில் இருந்தவர்கள், தேங்காய் உடைத்தவர்கள், ஆட்டைப் பிடித்திருந்தவர்கள், அத்தனை பேரும் அந்தப் பக்கம் சாய்ந்தோம். நானும்தான் சாய்ந்தேன்.

ஒன்றும் கேட்கவில்லை. அக்கா இறங்கி வந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, பொங்கலைக் கிண்ட ஆரம்பித்தார்.